அத்தியாயம் 7: ஒலி அட்டை உறுமினால்

ஸ்பீக்கரின் சுவிட்சைப் போட்டதுமே அடித்தொண்டையில் ஓர் உறுமல். பாட்டு ஓடினாலும் போகாது, நிறுத்தினாலும் போகாது. மவுஸை நகர்த்தினால் கூடவே ஒரு கீச்சல். வேறு சில கணினிகளில் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் ஊமை. இன்னும் சிலவற்றில் ஆசிரியரின் குரல் கேட்கும். தவிலும் தப்பும் கேட்காது. இப்படியொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனால், "சவுண்ட் கார்ட் போயிருச்சு, அது போர்டோட ஒட்டினது, போர்டையே மாத்தணும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள்.

போர்டை மாற்றுவது இன்று சின்னச் செலவில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் அந்த ஏற்றம் உட்கார்ந்துகொண்டது. நாட்சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்காக வாங்கிய பழைய கணினிக்கு இன்னொரு போர்ட் என்பது, பெரும்பாலும் கணினியே இல்லை என்பதில்தான் முடிகிறது. அதனால்தான் இந்த நூலில் இந்த அத்தியாயத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஒலி அட்டைகளில் பெரும்பாலானவற்றில் சில்லு உயிரோடுதான் இருக்கும். கோளாறு ஏர்த் கம்பி போகும் பாதையிலோ, ஜாக்கின் உள்ளே இருக்கும் தகட்டிலோ, பட்டாணி அளவு கெப்பாசிட்டர் ஒன்றிலோ இருக்கும். இந்த மூன்றும் நம் கைக்குள் அடங்கும் வேலைகள்.

ஒலி அட்டை என்று பெயர் சொன்னாலும் இன்று அது தனி அட்டையாக இருப்பது அபூர்வம். 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் காலத்தில் அதை ஒரு தனி அட்டையாக வாங்கிச் செருகினார்கள். 1997இல் இன்டெல் வகுத்த ஏசி 97 என்ற முறைக்குப் பிறகு அது ஒரு சில்லாகச் சுருங்கி மதர்போர்டிலேயே குடியேறியது. 2004இல் வந்த ஹெச்டி ஓடியோ முறையும் அப்படியே. கணினியின் பின்பக்கம் பச்சை, நீலம், ரோசா நிற ஜாக்குகள் இருக்கும் மூலையில், விரல் நகத்தைவிடச் சிறிய சதுரமாக அதைப் பார்க்கலாம். அங்கே பிறக்கும் ஒலி சில கெப்பாசிட்டர்களைத் தாண்டி ஜாக்குக்கு வருகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் கோளாறு எங்கே என்று தேடுவது எளிது.

சில்லே செத்துப்போவது மின்னலால்தான் பெரும்பாலும். அப்போது விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் ஒலிச் சாதனத்தின் பெயரே தெரியாது. பயோஸில் அதை இயக்கியிருந்தும், டிரைவரைத் திரும்பப் போட்டும் வராது. அந்த நிலையில் ஈயத்தைத் தொட வேண்டாம். யூஎஸ்பி முனையில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்றை வாங்குங்கள். பெயர் தெரிகிறது, ஆனால் ஒலி கெட்டிருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

முதலில் காது, பிறகு கை

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் நேரே ஒரு ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். உறுமல் இல்லையா? ஒலி அட்டை குற்றமற்றது. கணினிக்கும் அம்பிளிபயருக்கும் இடையில்தான் சிக்கல். மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பற்றரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். அந்த நொடியே உறுமல் நின்றால், அது மின்சாரப் பாதையில் வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்து, கணினியோடும் அம்பிளிபயரோடும் தொடர்புள்ள மற்ற வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டிவியும் அதே ஸ்பீக்கரில் இணைந்திருந்தால் டிஷ் அன்டெனாவின் வயரை முதலில் கழற்றுங்கள். கூரைத் தகரத்தில் முறுக்கிய டிஷ்ஷின் இரும்புக் கால் வழியாக அந்த வயரின் வெளிப்பின்னல் தனியாக ஓர் ஏர்த்தைத் தேடிக்கொள்ளும். லயன் வீடுகளில் நான் கண்ட உறுமல்களில் பலவற்றுக்கு அதுவே மூலம்.

மவுஸ் நகரும்போது மட்டும் கீச்சிடுகிறது என்றால் அது வேறு வகை. கணினியின் உள்ளேயே ஓடும் இலக்க இரைச்சல், முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய வயரில் ஏறிக்கொள்கிறது. பின்பக்க ஜாக்குக்கு மாறுங்கள். ஒலிக் கட்டுப்பாட்டில் மைக், லைன் இன், சிடி என்று பயன்படாமல் திறந்து கிடக்கும் நுழைவாயில்களை ஊமையாக்குங்கள். பெரும்பாலும் இத்தோடு அடங்கிவிடும்.

உறுமலின் வேர்

கணினியின் பவர் சப்ளைக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில், நீல நிறத்தில் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைவ் கம்பியிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு இணைந்திருக்கும். உள்ளே உண்டாகும் உயர் அதிர்வெண் இரைச்சலை ஏர்த்துக்குக் கடத்திவிடுவது அவற்றின் வேலை. ஏர்த் ஒழுங்காக இருக்கும்வரை இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஏர்த் இல்லாவிட்டால், இரண்டு கெப்பாசிட்டர்களும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டு, கணினியின் இரும்புப் பெட்டியை ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கவிட்டுவிடும். ஈரக் காலோடு பெட்டியைத் தொடும்போது 'சுள்' என்று ஏறுகிறதே, அது இதுதான். டெஸ்டரை வைத்தால் மினுங்கும்.

தேயிலை மலையில் கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு லயன் வாசலுக்கு வரும். இங்கேயும் அதுவேதான் நடக்கிறது. ஏர்த் கம்பி என்ற கான் இல்லாதபோது, கசியும் மின்னோட்டம் ஸ்பீக்கர் வயரின் வெளிப்பின்னல் வழியாக அம்பிளிபயருக்குப் போய், அதன் ஏர்த்தில் இறங்குகிறது. 4,700 பிகோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.34 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். வயரின் வெளிப்பின்னலுக்கும் பிளக்கின் தொடுப்புக்கும் சேர்த்து அரை ஓம் தடை இருந்தால், அதன் குறுக்கே 0.17 மில்லிவோல்ட் உறுமல் உருவாகும். கணினி அனுப்பும் ஒலி 0.3 வோல்ட் அளவில் இருப்பதால் அது 1,800இல் ஒரு பங்குதான். ஆனாலும் அமைதியான அறையில் காதில் விழும். பிளக் கறுத்துப்போய்த் தடை 5 ஓமாக ஏறினால் உறுமல் பத்து மடங்காகும். கணினியில் ஒலியைக் குறைத்து வைத்து அம்பிளிபயரில் முறுக்கிக் கூட்டினால் இன்னும் மோசம். கணினியில் ஒலியளவை 80, 90 சதவீதத்தில் வைத்து அம்பிளிபயரைக் குறைப்பதே சரியான பழக்கம். காசே இல்லாத திருத்தம் இது.

ஆகவே முதல் வேலை ஏர்த். பல வீடுகளில் உருண்டை முள்ளுள்ள 5 ஆம்பியர், 15 ஆம்பியர் பிளக்குகளும், சதுர முள்ளுள்ள 13 ஆம்பியர் பிளக்கும் கலந்து கிடக்கின்றன. ஒன்றை இன்னொன்றில் மாட்ட ஓர் அடாப்டர், அதில் ஒரு மல்டி பிளக், அதில் இரண்டு முள் வயர். இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் ஏர்த் முள் விடுபட்டிருக்கும். கணினிக்கு மூன்று முள்ளும் முழுதாகச் சேரும் ஒரே ஒரு சொக்கட்டை ஒதுக்குங்கள். அம்பிளிபயரையும் அதே சொக்கட்டிலிருந்து வரும் மல்டி பிளக்கிலேயே போடுங்கள். இரண்டும் வெவ்வேறு மூலையிலிருந்து கரண்ட் எடுத்தால், இரண்டு ஏர்த்துக்கும் இடையே உள்ள சிறு வோல்ட் வித்தியாசமே ஒலி வயரில் உறுமலாக ஓடும். இந்த ஒரு மாற்றத்திலேயே பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும்.

சொக்கட்டுக்கே ஏர்த் வரவில்லை என்றால் நீங்களாகச் செய்ய வேண்டாம். லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தண்டு அடித்து, ட்ரிப் சுவிட்சும் சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் ஏர்த் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குழாய்கள் பிளாஸ்டிக்காக மாறிவிட்ட பிறகு அது ஏர்த்தே இல்லை. பழுது வந்தால், பைப்படியில் குளிக்கிறவர் மேல் கரண்ட் ஏற்றும் வழி மட்டுமே. 1950இல் லக்சபானவும் 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலையும் ஓடத் தொடங்கின. நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்கள் பல இந்த மலைத் தண்ணீரில்தான் சுழல்கின்றன. அந்தக் கரண்ட் வந்துசேரும் லயன் காம்பராவுக்கு ஓர் ஒழுங்கான ஏர்த் கம்பியைக் கேட்பது எவருடைய தயவையும் கேட்பதாகாது. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேளுங்கள்.

உறுமல் நிற்கிறதே என்று பிளக்கின் ஏர்த் முள்ளை வெட்டிவிடுவோரும் உண்டு. சில நேரம் உறுமல் உண்மையிலேயே நின்றுவிடும். பவர் சப்ளைக்குள் ஒரு கம்பி அறுந்து பெட்டியைத் தொட்ட அன்றைக்கு, அதைத் தொடும் பிள்ளையைக் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பிரிக்கும் பெட்டி

சில இடங்களில் ஒரே சொக்கட்டுக்கு எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது. கோவிலில் அம்பிளிபயர் மண்டபத்து மூலையில் இருக்கும், கணினி நாற்பதடி தள்ளி இருக்கும். டியூஷன் வகுப்பிலும் அப்படித்தான். அங்கே ஒலி மட்டும் போகவேண்டும், ஏர்த் போகக்கூடாது. அதற்கு நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபோர்மர் போதும். ஒரு சுருளில் ஏறும் ஒலி காந்தமாகி அடுத்த சுருளில் இறங்கும். இரண்டு சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. உறுமலைச் சுமந்துவரும் மின்னோட்டத்துக்கு அங்கே வழி அடைபட்டுவிடும்.

இது புதிய வித்தையில்லை. தொலைபேசிக்காரரும் வானொலிக்காரரும் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவருவது. 600 ஓம் என்ற அளவே தொலைபேசிக் கம்பியிலிருந்து வந்தது. நுவரெலியா மாவட்டத்திலேயே, 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்பைப் பெற்று, கேட்போர் அனுப்பிய கேள்விகளுக்குக் கணினியில் விடை தேடி ஒலிவாங்கி முன் சொன்னது. அன்று ஒரு நிலையத்துக்குள் மட்டும் இருந்த கணினியும் ஒலியும் இன்று ஒவ்வொரு கோவில் மண்டபத்திலும் சேர்ந்திருக்கின்றன. நிலையத்தார் கையாண்ட ஒழுங்கும் நம்மிடம் வரவேண்டும்.

டிரான்ஸ்ஃபோர்மரை எங்கே எடுப்பது? தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்து மோடம் அட்டைகள் பழைய கணினிகளுக்குள் இன்னும் கிடக்கின்றன. மின்னலில் செத்தவையாகவும் இருக்கலாம். அதில் தொலைபேசி ஜாக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் டேப் சுற்றிய, சீனிக்கட்டி அளவுள்ள ஒரு சதுரக் கட்டியைத் தேடுங்கள். அதுதான் 600க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபோர்மர். பிந்திய மோடம்கள் சிலவற்றில் அது இருக்காது, சில்லுகளே அந்த வேலையைச் செய்யும், அவற்றை விட்டுவிடுங்கள். கழற்றியதும் மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். ஒவ்வொரு சுருளிலும் சில பத்து ஓம்முதல் நூறு சொச்சம்வரை காட்டும். ஒரு சுருளுக்கும் மற்றதற்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. காட்டினால் மின்னல் அதையும் துளைத்திருக்கிறது, எறிந்துவிடுங்கள்.

ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும், அதாவது இரண்டு மோடம். கணினியிலிருந்து வரும் 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் நுனி இடது ஒலி, நடு வளையம் வலது ஒலி, அடி பொதுக் கம்பி. இடதை முதல் டிரான்ஸ்ஃபோர்மரின் ஒரு சுருளின் ஒரு முனைக்கும், வலதை இரண்டாவதன் ஒரு முனைக்கும் பற்றவையுங்கள். அந்தச் சுருள்களின் மறுமுனைகள் இரண்டும் பொதுக் கம்பிக்கு. மறுபக்கச் சுருள்களிலும் அதே ஒழுங்கில் அம்பிளிபயருக்குப் போகும் ஜாக்கை இணையுங்கள். இந்த வேலையின் உயிர்நாடி ஒன்றுதான்: கணினிப் பக்கத்துப் பொதுக் கம்பியும் அம்பிளிபயர் பக்கத்துப் பொதுக் கம்பியும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக்கூடாது. அதனால் தகரப் பெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி போதும்.

இரண்டு டிரான்ஸ்ஃபோர்மரையும் ஒரே திசையில் வையுங்கள். ஒன்று மட்டும் தலைகீழானால், ஸ்டீரியோவில் சற்று மங்கலாகத் தோன்றும் ஒலி, கோவில் ஹோர்னில் ஒன்றாகக் கலக்கும்போது குரலையே அழித்துவிடும். பக்க இசை மட்டும் கேட்கும், பாடுகிறவரைக் காணோம் என்றால் காரணம் இதுதான். ஒரு பக்கத்து இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தால் குரல் திரும்பி வந்துவிடும்.

கோவில் அம்பிளிபயர் பெரும்பாலும் மோனோ என்பதால் அங்கே ஒரே டிரான்ஸ்ஃபோர்மர் போதும். இடதையும் வலதையும் நேரே முறுக்கிச் சேர்க்காமல், ஒவ்வொன்றின் வழியிலும் 1 கிலோ ஓம் தடை ஒன்றைப் போட்டு, பிறகு சேர்த்து டிரான்ஸ்ஃபோர்மருக்குக் கொடுங்கள். நேரே சேர்த்தால் ஒலி அட்டையின் இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திணறும்.

கட்டி முடித்த பெட்டியை அம்பிளிபயரின் தலைமேல் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய மின் டிரான்ஸ்ஃபோர்மரின் காந்தம் இந்தச் சிறியதில் ஏறி, விரட்டிய உறுமல் வேறு வாசலால் திரும்பும். ஓரடி தள்ளி வைத்து, பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் முழுதாக அடங்கும். அந்தக் கோணத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒலியின் மேல்முனை கூர்மையாகச் சீறினால், அம்பிளிபயர் பக்கச் சுருளின் குறுக்கே 1 கிலோ ஓம் தடை ஒன்றைப் பற்றவையுங்கள்.

இந்த மோடம் டிரான்ஸ்ஃபோர்மர் தொலைபேசிக் குரலுக்காகச் செய்தது. பாடம் நடத்தவும் அறிவித்தல் சொல்லவும் மிக நன்றாக இருக்கும். நாதஸ்வரத்தையும் தாங்கும். தவிலின் அடி விழும்போது சத்தத்தைக் கூட்டினால் திணறும். இசைக்காகவே வேண்டும் என்றால், கார்களுக்கான ஓடியோ சாமான் விற்கும் கடைகளில் இதே வேலையைச் செய்யும் ஆயத்தப் பெட்டி கிடைக்கும். உதிரிப் பாகமாக வாங்க விரும்பினால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

ஊமையான பின்பக்க ஜாக்

இது நிமிட வேலை. ஏசி 97 காலத்துப் போர்ட்களில், முன்பக்க ஒலி ஜாக்குக்கென்று ஈரைந்து வரிசையில் ஒன்பது ஊசிகள் இருக்கும். எட்டாவது ஊசியின் இடம் வெறுமையாக இருக்கும். அந்த முறையில் ஒலி முதலில் முன்பக்கம் போய்த் திரும்பித்தான் பின்பக்க ஜாக்குக்கு வரும். முன்பக்க வயரைக் கழற்றிவிட்டு அப்படியே விட்டால் பின்பக்கம் ஊமையாகிவிடும். பெட்டியை மாற்றிக் கட்டிய பழைய கணினிகளில் இதை அடிக்கடி காணலாம். 5ஆம் ஊசியையும் 6ஆம் ஊசியையும் ஒரு ஜம்பரால் இணையுங்கள். 9ஐயும் 10ஐயும் இன்னொன்றால். பழைய ஹார்ட் டிஸ்க்கின் முதுகிலேயே ஜம்பர்கள் கிடைக்கும். 4ஆம் ஊசியில் 5 வோல்ட் நிற்கும், அதை எதனோடும் தொடவிடாதீர்கள். போர்டின் கையேட்டில் ஊசி எண்களைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

ஹெச்டி ஓடியோ போர்டில் இந்த ஜம்பர் வேலை கூடாது. அங்கே ஊமைக்குக் காரணம் வேறு. முன்பக்க ஜாக்கின் உள்ளே இருக்கும் சிறு தகடு, பிளக் செருகப்பட்டதா என்று சில்லுக்குச் சொல்லும். அது ஒட்டிக்கொண்டால், ஹெட்போன் செருகியிருப்பதாக எண்ணிக் கணினி பின்பக்கத்தை அணைத்துவிடும். போர்டிலிருந்து முன்பக்க வயரைக் கழற்றிப் பாருங்கள். உடனே ஒலி வந்தால் சில்லும் நலம், டிரைவரும் நலம். ஜாக்கைச் சுத்தம் செய்யலாம், அல்லது ஒலி மென்பொருளில் முன்பக்க ஜாக்கைக் கண்டறியும் வேலையை நிறுத்திவிடலாம்.

அடித்தொனி காணாமல் போனால்

ஹெட்போனில் கேட்டால் ஒலி தகரத்தில் தட்டுவதுபோல் மெலிந்திருக்கிறது. அதே கணினியை அம்பிளிபயரில் போட்டால் நன்றாக இருக்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டால் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். சில்லுக்கும் ஜாக்குக்கும் இடையில் நிற்கும் 100 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர், 32 ஓம் ஹெட்போனுக்கு 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கி ஒலி கொடுக்கும். வயதாகி உள்ளே காய்ந்து 10 மைக்ரோஃபரட்டாகத் தேய்ந்தால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே மெலிந்துபோகும். அம்பிளிபயரின் நுழைவாயிலோ 10,000 ஓம் அளவு. அதற்குத் தேய்ந்த 10 மைக்ரோஃபரட்டே தாராளம். அதனால்தான் அங்கே குறை தெரிவதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்த பல போர்ட்களில் தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் வீங்கி வெடித்தன. கை மாறிக் கை மாறி மலைக்கு வந்த கணினிகளில் அந்தக் காலத்தவை இன்னும் ஓடுகின்றன.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, போர்டை வெளியே எடுங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஜாக்குக்கும் சில்லுக்கும் இடையே நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். தலை உப்பியிருந்தால், அடியில் பழுப்பு நீர் கசிந்திருந்தால், கழற்றியே ஆகவேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தால், போர்டின் அடிப்பக்கத்தில் அதே இரண்டு கால்களின்மேல் புதிய 100 மைக்ரோஃபரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பக்கவாட்டில் பற்றவைத்து ஓட்டிப் பாருங்கள். அடித்தொனி திரும்பினால் நோயாளியைப் பிடித்துவிட்டீர்கள். அதை அப்படியே விட்டுவிடுவதும் நியாயமான திருத்தம்தான். போர்டின் துளையிலிருந்து பழையதைப் பிடுங்கும் முயற்சியில் செம்புத்தடம் உரிந்துபோவதைவிட அது மேல். கால்களைக் குட்டையாக வெட்டி, டேப் சுற்றிவிடுங்கள். பெட்டியின் அடித்தகட்டைத் தொடக்கூடாது.

திசையில் கவனம் வேண்டும். கெப்பாசிட்டரின் உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. போர்டில் அச்சிட்ட குறியை மட்டும் நம்பாதீர்கள், எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே மாதிரி அச்சிடுவதில்லை. பழையது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் கழற்றும் முன் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

நுவரெலியாவின் குளிரில் ஈயம் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஏர்த் தடத்தோடு இணைந்த கால்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயனால் ஈயம் உருகாமல் மாவுபோல் மங்கலாகப் படியும்; பார்க்க ஒட்டியதுபோலத் தெரியும், ஒரு மாதத்தில் விட்டுவிடும். 40 முதல் 60 வாட் அயனை எடுங்கள். போர்டைச் சற்று வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஈயம் பளபளவென்று காலைச் சுற்றி ஏறி நிற்கவேண்டும். ஈயப் புகையை மூக்கில் ஏற்றாதீர்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணி.

ஜாக், புகை, மழை

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கங்களில் வாரக்கணக்கில் எதுவும் காய்வதில்லை. அதோடு விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் ஜாக்கின் தகடுகளில் பிசுக்கும் கறுப்பும் படியும். பிளக்கைத் திருகும்போது கரகரத்தால், ஒரு பக்கம் வந்து போனால், காரணம் இதுதான். ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பிளக் ஒன்றைச் செருகிச் செருகி எடுங்கள், அல்லது கொண்டக்ட் கிளீனர் அடியுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம். முதல் நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியை ஒட்டவைத்துப் பழையதைவிட மோசமாக்கும். சுத்தம் செய்தும் பிளக்கை அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக்கின் கால் ஈயம் வெடித்திருக்கும். பழைய ஈயத்தின்மேல் சிறிது புதிய ஈயம் வைத்து உருக்கினால் சேர்ந்துவிடும்.

மழைக்காலத்தில் கணினியைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். அதன் சொந்தச் சூடே அதைக் காயவைக்கும். ஜனவரி, பெப்ரவரிப் பனிக்காலத்தில் குளிர்ந்து கிடந்த கணினி உள்ள அறையில் அடுப்பை மூட்டினால் போர்டில் நீர் முத்துமுத்தாக வியர்க்கும். அறை சூடேறி அரை மணி நேரம் ஆனபிறகு சுவிட்சைப் போடுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வரும். இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு இருப்பது போதாது; கம்பியில் ஏறும் மின்னலுக்குச் சுவிட்சின் இடைவெளி ஒரு பொருட்டில்லை.

பழைய கெசட்டை ஏற்றுவதற்கு

உறுமல் அடங்கிய ஒலி அட்டை கையில் இருந்தால், நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று தோட்டங்களில் இரவு முழுவதும் ஆடிப்பாடியவை கெசட்டுகளில் பதிந்து பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. கெசட்டின் நாடா இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த ஆண்டே ஏற்றிவிடுங்கள்.

கெசட் பிளேயரின் லைன் அவுட்டைக் கணினியின் நீல நிற லைன் இன்னில் இணையுங்கள். உறுமினால் நடுவில் அந்தச் சவர்க்காரப் பெட்டியைப் போடுங்கள். ரோசா நிற மைக் ஜாக்கில் நேரே செருகினால் ஒலி பிளந்துபோகும். அது சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது, அதோடு மைக்குக்கென்று ஒரு சிறு டிசி வோல்ட்டையும் அனுப்பிக்கொண்டிருக்கும். மைக் ஜாக் மட்டுமே உள்ள கணினி என்றால், பிளேயரிலிருந்து வரும் ஒலிக் கம்பியின் வழியில் 10 கிலோ ஓம் தடை ஒன்று, அதன் மறுமுனையிலிருந்து பொதுக் கம்பிக்கு 100 ஓம் தடை ஒன்று, அந்தச் சந்திப்பிலிருந்து மைக் ஜாக்குக்குப் போகும் வழியில் 1 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஒலி நூறில் ஒரு பங்காகக் குறையும், டிசி தடுக்கப்படும்.

பதிவுக்கு ஓடசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். தப்பின் அடி மிக உரத்து விழும் இடத்தை முதலில் ஓட்டி, மட்டம் காட்டும் கோடு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பாகச் சேமித்தால் 60 நிமிடக் கெசட் ஒன்றுக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 ஆக்கிப் பகிர்வது பிறகு. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே தோட்டம், டிவிஷன், ஆண்டு, பாடியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். கெசட் உறையில் எழுதியிருப்பதைப் படமும் எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள்.